விரல் மரத்துப் போகுதுன்னா முதல்ல பேக்க இறக்குங்க

கேள்வி: எனக்கு 42 வயசு, எடை 80 கிலோ, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பாக்குற வேலை. முதுகுல பாரத்த மாட்டிக்கிட்டு நடக்குற ரக்கிங் வீடியோ பாத்துட்டு பையனோட பழைய ஸ்கூல் பேக்ல 20 கிலோ அரிசிய வச்சு தினமும் ஒரு மணி நேரம் நடக்குறேன், மூணு வாரம் ஆச்சு. வலது கை விரல் மரத்துப் போகுது, பழகுனா சரியாயிடும்னு விட்டுட்டேன். மார்க்கெட்ல 50 கிலோ மூட்டையவே தூக்குறாங்க, 20 கிலோ என்ன பெரிய விஷயம்? 25 ஆக்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: ஆக்கக் கூடாது. அந்த 20 கிலோவையும் இன்னைக்கே இறக்கிடுங்க. விரல் மரத்துப் போறது பழகுற விஷயமே இல்ல. கழுத்துல இருந்து காறை எலும்புக்கு அடியில போய் கைக்குள்ள இறங்குற நரம்புக் கொத்த பேக்கோட பட்டை அழுத்துனா இப்படித்தான் வரும், பட்டாளத்துல பாரம் சுமக்குறவங்களுக்கு வந்து வந்து இதுக்கு ரக்சாக் பால்சின்னு பேரே இருக்கு. அப்படியே விட்டா கை பலம் குறையும், தோள்பட்டை எலும்பு பின்னாடி துருத்திக்கிட்டு நிக்குற அளவுக்கும் போகும். உங்களுக்கு இதுதானா, இல்ல கழுத்து எலும்புல ஏதாவதான்னு டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். இந்த வாரமே போங்க.

அமெரிக்க ராணுவத்துல எக்ஸ்பர்ட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு 12 மைல மூணு மணி நேரத்துல நடக்கணும், முதுகுல 35 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 16 கிலோ. மாசக்கணக்கா பயிற்சி எடுத்த சிப்பாய்க்கு வைக்கிற டெஸ்ட்டுங்க அது. நீங்க நாற்காலியில இருந்து எந்திரிச்சு வந்து முதல் நாளே அதுக்கு மேல ஏத்தியிருக்கீங்க, அதுவும் ஸ்கூல் பேக்ல. பிள்ளைங்க எடையில 10 சதவீதத்துக்கு மேல பேக் இருக்கக் கூடாதுன்னு 2020ல வந்த மத்திய அரசோட ஸ்கூல் பேக் பாலிசி சொல்லுது, உங்க முதுகுல இருக்குறது உங்க எடையில 25 சதவீதம்.

மூட்டை தூக்குறவங்கள உதாரணம் காட்டாதீங்க, எனக்கு அதுதான் ரொம்ப வலிக்குது. என் பெரியப்பா அரிசி மண்டியில 75 கிலோ மூட்டை தூக்குனவர். லாரிக்கும் குடோனுக்கும் நடுவுல முப்பது நாப்பது தப்படிதான், உடனே இறக்கிடுவாரு, அப்படியும் அம்பது வயசுல சம்மணம் போட்டு உக்கார முடியல. வயித்துக்காக முட்டியையும் முதுகையும் கொடுத்தாரு. ஆம்பள தொழிலாளிக்கே 55 கிலோவுக்கு மேல கூடாதுன்னு உலகத் தொழிலாளர் அமைப்பு 1967லயே பரிந்துரை பண்ணுச்சு. பழைய ரோட்டோரம் தோள் உயரத்துக்கு சுமைதாங்கிக் கல்லு நிக்கும் பாருங்க, குனியாம பாரத்த இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுப் போறதுக்குன்னு நட்டது, சுமந்தே பழகுன ஜனங்களுக்கே அது தேவைப்பட்டுச்சு.

இதுக்காக ரக்கிங்கையே விட்டுடாதீங்க. உக்காந்தே இருக்குற உடம்புக்கு நல்ல பயிற்சி, ஓடாமலே மூச்சு வாங்கும், காலும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும். விரல் முழுசா சரியாகி டாக்டரும் சரின்னு சொன்னப்புறம் 5 கிலோவுல ஆரம்பிங்க, வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம். 8 கிலோவுக்கு வர்றதுக்கே ஒண்ணு ரெண்டு மாசம் எடுத்துக்கங்க. எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க, ஏன்னா மூச்சு சில வாரத்துல பழகிடும், தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்காகும், மூச்சு நல்லா இருக்கேன்னு நம்பி ஏத்துறவங்கதான் பாதத்து எலும்புல கீறல் விட்டு வந்து நிக்குறாங்க. ஓடவே ஓடாதீங்க. அரிசிக்குப் பதிலா தண்ணி பாட்டில் வைங்க, லிட்டருக்கு ஒரு கிலோ, வழியில முடியலன்னா ஊத்திட்டு லேசா வீட்டுக்கு வந்துடலாம். பாரம் முதுகோட ஒட்டி மேலாப்புல இருக்கணும், ஆடக் கூடாது, சுத்தி துண்டச் சொருகிடுங்க.

பேக் மட்டும் மாத்தியே ஆகணும். இடுப்புல அகலமா பெல்ட் கட்டுற ட்ரெக்கிங் பேக் வாங்குங்க, பாரத்துல பெரும்பகுதி இடுப்பெலும்புக்கு இறங்கிடும். கடைக்குப் போறப்ப அந்த 5 கிலோவையும் கையோட எடுத்துட்டுப் போய் உள்ள வச்சு, பெல்ட்ட இறுக்கி பத்து நிமிஷம் அங்கயே நடந்து பாருங்க. தோள்ல மாட்டுற பேக் பட்டைக்கு அடியில உங்க கை சுலபமா நுழையலன்னா வேற பேக் கேளுங்க.