பதில்: புரோபோலிஸ் தடவியபின் உதடு வீங்குகிறது

வணக்கம். ஒரு மாதமாக ஆறாத வாய்ப்புண்ணுக்குப் புரோபோலிஸ் சொட்டு மருந்து தடவுவதாகவும், மூன்றாம் நாளிலிருந்து உதடு அரித்து வீங்குவதாகவும், அது "ஆறுவதற்கான அறிகுறி" என்று விற்றவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது தவறு. இன்றே நிறுத்திவிடுங்கள்.

தடவியவுடன் எரிவதற்கு அதில் உள்ள ஆல்கஹால் காரணமாக இருக்கலாம். அரிப்பும் வீக்கமும் அப்படியல்ல. அவை ஒவ்வாமையின் அடையாளங்கள். மரமொட்டுகளிலிருந்து தேனீக்கள் சேகரிக்கும் பிசின்தான் புரோபோலிஸ். பாப்லர் மரத்திலிருந்து வரும் வகையில் கிருமிகளைத் தடுக்கும் பினோசெம்ப்ரின், கலாஞ்சின் போன்ற ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரச் சேர்மங்கள் இருக்கின்றன. கூடவே காஃபிக் அமில எஸ்டர்கள் என்னும் சேர்மங்களும். அழற்சியைத் தணிப்பதாக ஆய்வகங்களில் பேசப்படும் இந்த எஸ்டர் குடும்பமே சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது. தேனீ வளர்ப்போரின் கைகளில் வரும் தோல் அழற்சிக்கும் இது ஒரு காரணம். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் வேறொரு செடியிலிருந்து வருவது. அதில் ஆர்டெபிலின் சி என்ற சேர்மம் முதன்மையானது. ஆகவே ஒரு புட்டியில் கண்ட பலனை இன்னொன்றில் எதிர்பார்க்க முடியாது. வாய்ப்புண்ணில் பலன் காட்டிய சிறு ஆய்வுகள் உண்டு. இந்தப் பிசின்மீது எனக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்தப் புண். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைப் பல் மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் நாளைக்கே செல்லுங்கள். இரும்புச்சத்து, பி12 அளவுகளைப் பார்க்க இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். புட்டியைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.