நெரிசலில் வெடிபொருள் ஆவிச் சோதனை: கேள்வி பதில்

கேள்வி: ஒருவரைத் தொடாமலேயே, அவர் மறைத்து வைத்திருக்கும் வெடிபொருளைக் காற்றைக் கொண்டு கண்டறிய முடியுமா?

பதில்: அது வெடிபொருளைப் பொறுத்தது. நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகும். டிஎன்டியின் ஆவியோ அறை வெப்பநிலையில் நூறு கோடிப் பங்கு காற்றுக்குச் சில பங்குகளே இருக்கும். பிளாஸ்டிக் வெடிபொருள்களில் பயன்படும் ஆர்டிஎக்ஸின் ஆவி அதிலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் வெடிகுண்டால் விமானம் தகர்க்கப்பட்ட பின்னர், பிளாஸ்டிக் வெடிபொருள்களைத் தயாரிக்கும்போதே எளிதில் ஆவியாகும் அடையாளப் பொருளைச் சேர்க்க வேண்டும் என்று 1991இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வகுக்கப்பட்டதற்கு ஆவி இவ்வளவு குறைவாக இருப்பதே காரணம்.

கேள்வி: காற்றை ஊதிச் சோதிக்கும் வாயில்கள் ஏன் நிலைக்கவில்லை?

பதில்: உடற்சூட்டினால் நம்மைச் சுற்றியுள்ள காற்று இடைவிடாமல் மேலெழுகிறது, ஆடையிலுள்ள ஆவியும் நுண்துகள்களும் அதனுடன் செல்கின்றன. அக்காற்றைத் திரட்டிச் சோதிப்பது நல்ல எண்ணமே. ஆயினும், அமெரிக்க விமான நிலையங்களில் நிறுவப்பட்ட அத்தகைய வாயில்கள் தூசியாலும் ஈரப்பதத்தாலும் அடிக்கடி பழுதடைந்ததால் விலக்கப்பட்டன. ஆய்வகத்தின் தூய காற்றில் தேறிய கருவி, கூட்டத்தின் புழுதியிலும் தேறியாக வேண்டும்.

கேள்வி: மோப்ப நாய்களே போதாதா?

பதில்: நடமாடும் கூட்டத்தில் மணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து அதன் மூலத்தை அடைவதில் நாய்க்கு இணையில்லை. ஆனால் அது களைப்படையும். ஓய்வும் தொடர்பயிற்சியும் இன்றியமையாதவை.

கேள்வி: இதய நோய்க்கு நைட்ரோகிளிசரின் மாத்திரை உட்கொள்ளும் என் தந்தையைக் கருவி சந்தேகிக்குமா?

பதில்: சந்தேகிக்கக்கூடும். அம்மருந்தும் வெடிபொருளும் ஒரே சேர்மம் என்பதால், கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் அவர் நிறுத்தப்படலாம். மருத்துவரின் சீட்டை உடன் வைத்திருப்பது நல்லது.

இத்துறையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். நூறு பேரில் ஒருவருக்குத் தவறாக ஒலிக்கும் கருவி மிகச் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் ஒரு லட்சம் பேர் கடக்கும் நிலையத்தில் அது ஏறத்தாழ ஆயிரம் நிரபராதிகளை நிறுத்திவிடும். உண்மையான குற்றவாளி ஒருவரும் வராத நாள்களே மிகுதி என்பதால், ஒலிக்கும் எச்சரிக்கைகளில் ஏறக்குறைய அனைத்தும் பொய்யானவையே. எனவே, முதல் எச்சரிக்கையை வேறொரு முறையில் இயங்கும் இரண்டாம் சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும் என்றும், அதுவரை நிறுத்தப்பட்டவரைச் சந்தேக நபர் என்று அழைக்காமல் தனியிடத்தில் அமரவைத்துக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும் நான் வலியுறுத்துகிறேன்.

கேள்வி: கருவியில் எதுவும் ஒலிக்காவிட்டால் ஆபத்தில்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக்கூடாது. கண்டறியும் அளவுக்கு ஆவி கருவியை எட்டவில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது.