'பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்' என்கிறது வேதம். கிறிஸ்தவ அப்பா அடிக்காமல் கண்டிக்க முடியுமா?

முடியும். நீதிமொழிகளின் அந்த வசனம் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் எபேசியர் 6:4, கொலோசெயர் 3:21 என்று இரண்டு இடங்களில் பவுல் "பிதாக்களே" என்று நேராகவே கூப்பிடுகிறார். இரண்டிலும் முதலில் சொல்வது, பிள்ளையைக் கோபப்படுத்தாதே என்பதுதான். கோபப்படுத்தினால் பிள்ளை திடனற்றுப்போகும் என்று கொலோசெயரில் காரணமும் இருக்கிறது. தகப்பனுக்கு வீட்டார்மேல் ஏறக்குறைய எல்லையில்லாத அதிகாரத்தை ரோமச் சட்டம் கொடுத்திருந்த காலம் அது.

அதற்காகக் கண்டிக்காமலே விடலாம் என்றில்லை. ஆசாரியரான ஏலி தவறு செய்த தன் மகன்களுக்குப் புத்தி சொன்னார், அடக்கவில்லை. தாவீது ராஜா அதற்கும் மேல். தன் மகன் அம்னோன், தன் மகள் தாமாருக்குச் செய்த பாலியல் கொடுமையைக் கேட்டு வெகு கோபமானார், அதோடு சரி (2 சாமுவேல் 13). இன்னொரு மகன் அதோனியாவை "ஏன் இப்படிச் செய்தாய்" என்று ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை (1 இராஜாக்கள் 1:6). நம்மிலும் பாதிப் பேர் இப்படித்தான். கத்தித் தீர்த்துவிட்டால் கண்டித்துவிட்டதாக நினைப்பு.

அடியைவிட எனக்குப் பயம் குடும்ப ஜெபத்தில் நடப்பதுதான். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது அப்பா ஆரம்பிப்பார்: "ஆண்டவரே, பொய் சொல்லித் திரிகிற இந்தப் பையனுக்கு நல்ல புத்தியைத் தாரும்." பையன் பதில் பேச முடியாது, ஏனென்றால் அது ஜெபம்! தண்டனையாகச் சங்கீதம் 119-ஐ எழுதச் சொல்பவர்களும் உண்டு. 176 வசனம். அந்தப் பிள்ளை பிறகு வேதத்தை ஆசையாகத் திறக்குமா? எங்கள் வீட்டில் யாருடைய தப்பையும் ஜெபத்தில் இழுப்பதில்லை.

பொறுமை என்றால் விட்டுக்கொடுப்பது இல்லை. மகன் டியூஷனுக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடிவிட்டு, போனேன் என்று சொன்னான். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பேச்செடுக்கவில்லை. பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். வகுப்பில் கணக்கு ஒன்றும் புரியவில்லையாம், கேட்க வெட்கமாம். புரியவைக்க வேறு ஏற்பாடு செய்தோம். ஆனாலும் பொய்க்குச் சைக்கிள் சாவி ஒருநாள் என் சட்டைப்பையில்தான். பொய் சொன்னால் சைக்கிள் கிடையாது என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவனும் முரண்டு பிடிக்கவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுத்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறொரு தப்பு வரும்போது "அன்றைக்கே நீ..." என்று கிளறக்கூடாது என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பாட்டியிடம்தான் இது இன்னும் செல்லுபடியாகவில்லை.