குறைந்த ஒளியில் கிடைக்கும் 85 மைக்ரோவினாடி, உண்மையிலேயே மறுசேர்க்கை ஆயுளா?

கேள்வியில் உள்ளது 500 நானோமீட்டர் தடிமனுள்ள பெரோவ்ஸ்கைட் சூரிய செல்; முழு வெயிலில் மின்னோட்டம் 20 மில்லியாம்பியர்/செ.மீ². 85 மைக்ரோவினாடி அளந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியில், சிறு ஒளித் துடிப்பு எழுப்பும் வோல்டேஜ் சிதையும் வேகத்தைப் பார்த்து. பெரும்பாலும் அது மறுசேர்க்கை ஆயுள் (ஒளியால் பிறந்த மின்னூட்டங்கள் மீண்டும் இணைந்து மறைய எடுக்கும் நேரம்) அல்ல, செல்லின் மின்தேக்கி காலியாகும் நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்கடவாப்பொருள் மாறிலி 25 என்றால் மின்தேக்கம் சுமார் 44 நானோஃபாரட்/செ.மீ². அந்த ஒளியில் மின்னோட்டம் 0.02 மில்லியாம்பியர்/செ.மீ². ஐடியாலிட்டி ஃபேக்டர் (செல் லட்சிய டையோடிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) 1.5 எனில் மறுசேர்க்கை மின்தடை 1.5 × 25.7 மில்லிவோல்ட் (அறை வெப்பநிலையின் வெப்ப வோல்டேஜ்) ÷ 0.02 மில்லியாம்பியர்/செ.மீ², அதாவது ஏறத்தாழ 1,930 ஓம்·செ.மீ². இரண்டையும் பெருக்கினால் அதே 85 மைக்ரோவினாடி!

பின்னணி ஒளியைப் படிப்படியாகக் கூட்டி மறுபடி அளக்க வேண்டும். ஒளி பத்து மடங்கானதும் நேரம் சரியாகப் பத்தில் ஒன்றானால், இன்னும் மின்தேக்கியைத்தான் அளக்கிறீர்கள். சரிவு தணியத் தொடங்கும் இடத்திலிருந்துதான் மின்னூட்டங்களின் கதை.

துடிப்பால் எழும் வோல்டேஜ் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிதைவு ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலாக வராது. ஆசிலோஸ்கோப் உள்ளீடு 1 மெகாஓமில் இருக்கட்டும். 50 ஓமில் விட்டால் செல் கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும் (பலர் சறுக்குவது இங்கேதான்). இன்னொன்று: 0.1 செ.மீ² செல்லில் மேற்சொன்ன மின்தடை சுமார் 19 கிலோஓம். ஷன்ட்டும் (செல்லுக்குள் மின்னோட்டம் கசியும் பக்கப் பாதையின் மின்தடை) 20 கிலோஓம் என்றால் ஒளி மின்னோட்டம் பெரும்பாலும் அதன் வழியே கசிந்துவிடும்; அளக்கும் நேரம் மறுசேர்க்கையை அல்ல, ஷன்ட்டையே காட்டும்.