மரத்துக்கு எதற்கு நம்பர்?

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் மகன் எங்களை அர்னால்ட் ஆர்போரிட்டம் என்ற மரத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொரு மரத்திலும் சின்னத் தகடு, அதில் ரேஷன் கார்டு மாதிரி ஒரு நம்பர். நடைப்பயிற்சி போகிற பூங்காவுக்கு எதற்கு இதெல்லாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ரேஷன் கார்டேதான்! அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டால் அங்கே மிஞ்சுவது நிழல் மட்டும்தான்.

தாவரவியல் வாத்தியாராகக் காலம் தள்ளியவன் நான். நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் ஒரு பீரோ நிறைய ஹெர்பேரியம் தாள்கள் இருந்தன. செடிகளை அழுத்தி, உலர்த்தி, ஒட்டி வைத்தவை. ஒரு கோடை விடுமுறையில் பூச்சி புகுந்தது. செடிகளை விட்டுவிட்டு, பசை தடவிய லேபிள்களாகப் பார்த்துத் தின்றிருந்தது. எங்கே பறித்தது, எப்போது பறித்தது, ஒன்றும் தெரியாது. பாதியைக் குப்பையில்தான் கொட்டினோம். பத்திரமாக இருந்த செடிகளை!

இப்போது பாஸ்டனுக்கு வருவோம். 2004இல் ரிச்சர்ட் பிரிமாக் என்ற பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அர்னால்ட் தோட்டத்தில் உயிரோடு நிற்கும் 229 தாவரங்களை எடுத்துக்கொண்டார்கள். அதே தாவரங்களிலிருந்து முன்பு எப்போதோ பூவோடு கிள்ளி உலர்த்திய கிளைகள் ஹெர்பேரியத்தில் இருந்தன, பறித்த தேதியோடு. 1885 முதல் 2002 வரை மொத்தம் 372 பதிவுகள். 1900–1920இல் பூத்ததைவிட 1980–2002இல் சராசரியாக 8 நாள் முந்திப் பூத்திருக்கின்றன. பெரும்பாலும் வெப்பம் கூடியதுதான் காரணம்.

இங்கே ‘அதே’ என்ற சொல்தான் முக்கியம். உங்கள் தெருவில் இரண்டு வேப்பமரம் இருந்தால் இரண்டும் ஒரே நாளிலா பூக்கின்றன? வேறு வேறு மரங்களை ஒப்பிட்டால் மாறியது பருவமா, மரமா என்று சொல்ல முடியாது. நம்பர் இருந்ததால்தான் பழைய தாளில் இருந்த கிளைக்கு அதன் தாய்மரத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

நம்பரைப் படிப்பதும் சுலபம். 524-48 என்றால் 1948இல் பதிவேட்டில் ஏறிய 524ஆவது வரவு. அது மெட்டாசெகுவோயா விதை. 1941இல் ஜப்பானின் ஷிகேரு மிகி புதைபடிவங்களை வைத்துப் பெயரிட்ட மரம். கொஞ்ச நாளில் சீனாவில் உயிரோடு அகப்பட்டது. விதை முதலில் இந்தத் தோட்டத்துக்கு வந்து, இங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. ஒரே விதைப்பொட்டலத்தில் முளைத்தவற்றுக்கு ஒரே நம்பர்தான். மரத்துக்கு மரம் பின்னால் வரும் எழுத்து மட்டும் மாறும்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் கேட்கவே இல்லையே, அது ஹார்வர்டு இடம் இல்லையா?
– அதே வாசகி

பதில்: இடம் நகரத்துடையது, மரங்கள் ஹார்வர்டுடையவை. திமிங்கல வேட்டைத் தொழிலில் சம்பாதித்த ஜேம்ஸ் அர்னால்டின் உயில் பணத்தில் 1872இல் தொடங்கிய தோட்டம். 1882இல் ஹார்வர்டு நிலத்தை நகரத்துக்குக் கொடுத்துவிட்டு, 1000 வருடக் குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. பாதை போடுவது நகரம், மரம் வளர்ப்பது பல்கலைக்கழகம். பொதுஜனத்துக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது பேச்சு. நம் ஊரில் 11 மாத வாடகை ஒப்பந்தத்துக்கே எத்தனை பஞ்சாயத்து!

அடுத்த முறை மே மாதம் போங்கள், லைலாக் பூத்திருக்கும். ஒன்றையும் கிள்ளிவிடாதீர்கள்.