குயில் கூவுகிறது, வேம்பு பூத்திருக்கிறது: வேலியை இப்போது வெட்டலாமா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தம் வளவில் மாசி நடுவிலேயே குயில் கூவத் தொடங்கிவிட்டது, வேம்போ பங்குனியில்தான் பூத்தது, இவற்றுள் எதை இளவேனிலின் அடையாளமாகக் கொள்வது என்று கேட்கும் அவர், சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வேலிக் கதியால்களையும் (வேலியாக ஊன்றித் துளிர்க்கவிடும் கம்புகளையும்) கூரைமேல் சாய்ந்திருக்கும் வேப்பங்கிளையையும் வெட்டலாமா என்றும் அறிய விரும்புகிறார்.

இது பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், வேலியை இப்போது வெட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கிளையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

குளிர்நாடுகளில் பகல் நீண்டு வெப்பம் கூடுவதே இளவேனிலைக் கொண்டுவருகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடே உண்டு. சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருவது ஏப்ரல் நடுப்பகுதியில், வருடப்பிறப்பை ஒட்டியே. அதற்குள் முள்முருக்கின் சிவந்த பூக்கள் பெரும்பாலும் கொட்டி முடிந்திருக்கும். இங்கே பருவத்தை வகுப்பது மழைதான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி ஓய்ந்து மேல்மண் காயத் தொடங்கும்போது, ஆழ வேரோடிய மரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டு, மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு தளிரும் பூவும் விடுகின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனிக் காலம் உண்டு: முள்முருக்கு முந்திக்கொள்ளும், இலுப்பையும் வேம்பும் பங்குனியை ஒட்டிப் பூக்கும், கொன்றை சித்திரை வெயிலில் மஞ்சளாகத் தொங்கும். ஆகவே, உங்கள் வேம்பு பிந்திவிடவில்லை.

குயிலும் முந்திவிடவில்லை. அது ஆண்டு முழுவதும் நம்முடனேயே இருக்கும் பறவை. மாரியில் ஒலி அடங்கியிருப்பதால் வேறெங்கோ போய் வந்தது போலத் தோன்றுகிறது. உச்சத்தை நோக்கி ஏறிச்செல்லும் அந்தக் கூவல், சிவந்த கண்ணுடைய கரிய ஆண்குயிலினுடையது. வெண்புள்ளிகள் நிறைந்த பழுப்புநிறப் பெண்குயில், 'கிக்-கிக்-கிக்' என்று விரைந்து கத்துவதோடு சரி. குயில் கூடு கட்டாமல் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதால், அதன் கூவலைவிடக் காகத்தின் நடத்தையே நம்பத்தகுந்த அடையாளம் என்பேன். காகம் சுள்ளியும் கம்பித்துண்டும் கௌவிச் செல்வதைக் கண்டால் கூடு எழுகிறது என்று கொள்ளலாம். பெண்குயிலைக் காகங்கள் துரத்துவதைக் கண்டால் கூடு அருகிலேயே இருக்கக்கூடும்.

தேன்சிட்டுகளையும் கவனியுங்கள். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை இழந்து, தொண்டையில் ஒரு கருங்கோடு தவிரப் பெண்ணைப் போலவே மங்கிவிடும். கருநீல மினுக்கம் உடல் முழுவதும் திரும்பிவிட்டால் அது இணைசேரத் தயாராகிவிட்டது என்று பொருள். இதே காலத்தில், காலையும் மாலையும் குரல் கொடுத்துவந்த வலசைப் பறவையான ஆறுமணிக்குருவி இந்தியாவுக்குத் திரும்பிவிடுவதால், அதன் குரல் நின்றுபோன நாளையும் குறித்துவைப்பது பயனுள்ளது.

இனி வேலிக்கு வருவோம். தையல்சிட்டு பூவரசின் அகன்ற இலைகளைத் தைத்துக் கூடமைக்கும். புலுனிகள் (தவிட்டுக்குருவிகள்) அடர்ந்த குழைக்குள் கட்டும். இவை வெளியிலிருந்து எளிதில் தெரிவதில்லை. ஆவணி கடைசிவரை பொறுத்திருந்து வெட்டினால், குழையைத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கலாம். ஊன்றும் கதியாலும் வரப்போகும் மழையில் துளிர்த்துவிடும்.

கூரைமேல் சாய்ந்த கிளை உண்மையிலேயே ஆபத்தானால் அதை மட்டும் வெட்டுங்கள். அதற்கு முன் இரண்டு காலைகள் அரைமணி நேரமாவது அமர்ந்து பாருங்கள். சிலந்தி நூலோ புழுவோ கௌவிய பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கூடு இருக்கிறது. தேன்சிட்டின் கூடானால், முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். அதுவரை கிளை இருக்கட்டும். அந்த நாட்களில் மரத்தின் கீழ் பழைய சேலையொன்றை விரித்துவைத்தால், உதிரும் பூ வடகத்துக்கு ஆகும். உதிராமல் பிஞ்சானவை ஆனி, ஆடியில் பழுத்துக் குயிலுக்கும் மைனாவுக்கும் உணவாகும்.