தோட்டா நிரப்பும் மேசையிலிருந்து சில கேள்விகள்

சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வீட்டிலேயே கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மறுநிரப்புகிற வாசகர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள்.

கேள்வி: புதிதாக டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஒரே அளவு பவுடரை (தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்து) மூன்று தடவை வைத்தால் மூன்று எடை காட்டுகிறது. பெட்டியிலோ 'துல்லியம் 0.1 கிரெயின்' என்று போட்டிருக்கிறது...

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பல நாளாகவே எழுத நினைத்திருந்தேன். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். மலிவான பாக்கெட் தராசுகள் சில, உள்ளுக்குள் 0.02 கிராம் படிகளில்தான் அளக்கின்றன. அது 0.3 கிரெயின். பொத்தானை அழுத்திக் கிரெயினுக்கு மாற்றினால் திரையில் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வரும், அவ்வளவுதான். அளக்கும் திறன் அப்படியே இருக்கும். 9 மி.மீ. தோட்டாவுக்குப் பல பவுடர்களில் 4 முதல் 6 கிரெயின்தான் போடுகிறோம். சில பவுடர்களில் மறுநிரப்பல் கையேடு தரும் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே அரை கிரெயின்கூடக் கிடையாது. அந்த இடத்தில் 0.3 பிசகுவது கையோடும் கண்ணோடும் விளையாடுவது. திரை காட்டும் படியைத் துல்லியம் என்று அச்சிட்டு விற்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம்.

சோதனை எடைக்கல் தொகுப்பு ஒன்று வாங்குங்கள். நீங்கள் போடும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லை வைத்துப் பாருங்கள். தராசு சூடாக நேரம் கொடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள். பவுடரைத் துளித்துளியாகத் தூவினால் சில தராசுகள் அந்தச் சிறு ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்காது. தட்டை எடுத்து மறுபடி வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எடை ஆடினால், எடைக்கல்லோடு வீடியோ எடுத்து அனுப்பி முழுப் பணத்தையும் கேளுங்கள்.

கேள்வி: 'கழுவித் தரம் பிரித்தது' என்று விற்ற .45 ஏசிபி (ஒரு கைத்துப்பாக்கித் தோட்டா வகை) காலிக் கேஸ்கள், அதாவது சுட்டபின் மிஞ்சும் உலோகக் கூடுகள், வாங்கினேன். சிலவற்றில் ப்ரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) இறங்காமல் முட்டுகிறது. பலமாக அழுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. நசுங்கும் ப்ரைமர் பிரஸ்ஸிலேயே (தோட்டா நிரப்பும் கருவி) வெடிக்கலாம். .45-இல் பெரிய ப்ரைமர் கேஸும் உண்டு, சிறிய ப்ரைமர் கேஸும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கேஸைக் கவிழ்த்து ப்ரைமர் குழிகளை அருகருகே வைத்துப் பாருங்கள், அகல வித்தியாசம் தெரியும். ராணுவக் கேஸ்களில் குழியின் விளிம்பைச் சுற்றி அழுத்திய வளையம் இருக்கும். அதை நீக்காமல் புது ப்ரைமர் இறங்காது. நான் ஒரு வாளி வாங்கினேன். மேலே பளபளவென்று நல்ல கேஸ்கள், பாதிக்குக் கீழே எல்லாம் கலப்படம். விற்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. உங்கள் விற்பனையாளர் எடுத்தால் விடாதீர்கள்; தரம் பிரித்தது என்று சொல்லித்தான் கூடுதல் விலை வாங்கியிருக்கிறார்.

கேள்வி: நண்பர் லேபிள் இல்லாத டப்பாவில் பவுடர் கொடுத்தார். நிறத்தையும் மணியின் வடிவத்தையும் வைத்து எதுவென்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: நிரப்பிய 9 மி.மீ. தோட்டாக்கள் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) முழுதாக இறங்கவில்லை. டை (பிரஸ்ஸில் தோட்டாவை வடிவமைக்கும் அச்சு) பழுது என்கிறேன், கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்...

பதில்: கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றி, தோட்டாவைப் போடுங்கள். 'டொக்' என்று விழுந்து, விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். விழாவிட்டால் தோட்டா முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து மறுபடி போட்டு எடுங்கள். கேஸின் வாயோரம் மை தேய்ந்திருந்தால், புல்லட் வைக்க விரித்த வாய் சரியாக மூடவில்லை. வாயை மூடி இறுக்கும் கிரிம்ப் டையைக் கொஞ்சம் இறக்குங்கள். புல்லட்டின் மேல் தேய்ந்திருந்தால் தோட்டா நீளம் அதிகம். 29.69 மி.மீ. என்பது பொதுவான உச்ச நீளம். உங்கள் குழலுக்கும் புல்லட்டுக்கும் அதைவிடக் குறைவாகவே தேவைப்படலாம். ஆனால் கையேடு சொல்லும் நீளத்துக்குக் கீழே இறக்காதீர்கள், அழுத்தம் எகிறிவிடும்.

கேள்வி: ஒரு தோட்டா 'டப்' என்று மெதுவாகச் சத்தம் போட்டது. அடுத்ததைச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ப்ரைமர் கம்பெனிமேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: புகார் கிடக்கட்டும். அந்த 'டப்' பெரும்பாலும் பவுடர் விழாத தோட்டா. ப்ரைமரின் வேகம் மட்டுமே புல்லட்டைத் தள்ளி, குழலுக்குள் சிக்க வைத்துவிடும். அடுத்த குண்டு அதில் மோதினால் குழல் வெடிக்கலாம். சத்தம் மாறினால் சுடுவதை அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழல் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தெரியாமலா பிரஸ் வாங்கினீர்கள்? வேகமாக எரியும் பவுடர் கேஸில் பாதியைக்கூட நிரப்பாது. இரட்டை அளவு விழுந்தாலும் வழியாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். புல்லட் வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள்.

கேள்வி: பழக்கமானவர், வீட்டில் நிரப்பிய தோட்டாக்களைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் எந்தத் தராசில் அளந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. துப்பாக்கி உடைந்தால், மறுநிரப்பிய தோட்டா என்ற காரணத்தைக் காட்டியே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தை மறுத்துவிடுவார்கள்.